ஏஐ கற்றுக்கொண்டால் கண் விஷயத்தை ஆபீஸில் மறைத்துவிடலாமா?

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து 36 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், துறை எல்லாவற்றையும் தவிர்த்துச் சுருக்கமாகத் தருகிறேன்.

அரசு அலுவலகத்தில் 11 ஆண்டுகளாகப் பணி, இப்போது உதவியாளர். சின்ன வயதிலிருந்தே இருட்டில் கண் தெரியாது. மாலைக்கண் என்று மீன் எண்ணெய் மாத்திரையோடு விட்டுவிட்டார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் ‘ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா’ என்று கண் மருத்துவர் சொல்லியிருக்கிறார். விழித்திரை ஓரத்திலிருந்து மெல்ல மெல்லச் செயலிழக்கும் பரம்பரைக் கோளாறு அது. கண்ணாடி போட்டால் நேர் எதிரே உள்ள எழுத்து 6/9 வரை, அதாவது ஏறத்தாழ இயல்பான அளவுக்கு, தெரிகிறது. பக்கவாட்டில் எதுவும் தெரிவதில்லை. கடைசிப் பரிசோதனையில் இரண்டு கண்ணிலும் பார்வைப் பரப்பு 15 பாகைதான்.

கணவருக்குத் தெரியும். மாமியாருக்கும் அலுவலகத்துக்கும் தெரியாது. மேசையோரம் வைத்த டீ டம்ளரைக் கோப்பின் மேல் தட்டிவிட்டிருக்கிறார். எதிரே வந்த கண்காணிப்பாளரைக் கவனிக்காமல் போனதற்கு ‘திமிர்’ என்று பெயர் வாங்கியிருக்கிறார். பொடி எழுத்துக் கோப்புகளை செல்போனில் படமெடுத்து, ஏஐ செயலி ஒன்றை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். கணவர் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு ஏஐ மூக்குக்கண்ணாடி வாங்க 30 ஆயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறார். கொழுந்தனாரோ, “முழுசா போறதுக்குள்ள விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துருங்க அண்ணி, இல்லேன்னா அவங்களே வேலையை விட்டு எடுத்துருவாங்க” என்கிறாராம். வாசகியும் விருப்ப ஓய்வுக் கடிதம் ஒன்றை எழுதி பீரோவில் வைத்திருக்கிறார்.

அவர் கேட்பதில் முக்கியமானவை மூன்று. ஏஐயை நன்றாகக் கற்றுக்கொண்டால் யாருக்கும் தெரியாமல் ஓய்வு பெறும் வரை சமாளிக்க முடியுமா? அந்தக் கண்ணாடி வாங்கலாமா? கண் 6/9 தெரிகிறவருக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்காதாமே, கிடைத்தாலும் வேலைக்கு ஆபத்தாமே, உண்மையா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கேள்விகளுக்கு வருவதற்கு முன், போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியைப் பற்றிப் பேசியாக வேண்டும். “பகலில் மட்டும் ஸ்கூட்டி ஓட்டுகிறேன், பாப்பாவை ஸ்கூலில் விட.” தயவுசெய்து இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

உங்கள் கையை முன்னால் நீட்டி விரல்களை விரித்துப் பிடியுங்கள். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை, அந்த ஒரு சாண், ஏறத்தாழ 20 பாகை. உங்கள் பார்வை அந்தச் சாணுக்குள் அடங்கிவிடுகிறது. சராசரிக் கண்ணுக்கு இந்தக் காது பக்கத்திலிருந்து அந்தக் காது பக்கம் வரை ஏறத்தாழ 180 பாகை தெரியும். சந்திலிருந்து சைக்கிளில் வரும் பையனை உங்கள் கண் பார்ப்பது, அவன் சக்கரத்துக்கு முன்னால் வந்த பிறகுதான். பகல் வெளிச்சம் இதை மாற்றாது. இன்று கடையில் கிடைக்கிற எந்த ஏஐ கருவியும் மாற்றாது. பள்ளி வேனோ ஆட்டோவோ, பக்கத்து வீட்டு அம்மாவோ, நாளைக் காலையிலிருந்து வேறு ஏற்பாடு செய்யுங்கள். மற்றதெல்லாம் பொறுத்துச் செய்யலாம்.

இப்போது உங்கள் கேள்விகள்.

மறைக்க உதவுமா?

நீங்கள் உண்மையில் கேட்பது ஏஐ பற்றி இல்லை என்று நினைக்கிறேன். “இன்னும் 24 வருடம் யாரும் கண்டுபிடிக்காமல் இருக்க வழி உண்டா” என்று கேட்கிறீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. பார்வை குறைந்துகொண்டே வருகிறவர்களோடு பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பரப்பு சுருங்கும் நோய் உள்ளவர்கள்தான் அதிகம் மறைக்கிறார்கள். ஏனென்றால் அவர்களால் மறைக்க முடிகிறது. முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள், பேப்பர் படிப்பார்கள், அடுத்த நிமிடம் நாற்காலியில் இடித்துக்கொள்வார்கள். பார்க்கிறவர்களுக்கு அது அஜாக்கிரதையாகவோ அலட்சியமாகவோ தெரிகிறது. நீங்கள் வாங்கிய ‘திமிர்’ என்ற பட்டம் அப்படி வந்ததுதான். கண்காணிப்பாளருக்கு உங்கள் கண் பற்றித் தெரிந்திருந்தால் அந்தச் சொல் வந்திருக்காது.

மறைப்பதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, அதை நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். அலுவலகக் கோப்பைச் சொந்த செல்போனில் படமெடுத்து ஏஐ செயலிக்கு அனுப்பும்போது, அந்தப் படம் உங்கள் போனிலேயே இருப்பதில்லை. பெரும்பாலான செயலிகளில் அது வெளியே ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த்தான் பதில் வருகிறது. அந்தக் கோப்பில் ஒரு மனுதாரரின் ஆதார் எண் இருக்கலாம், வங்கிக் கணக்கு இருக்கலாம், ஒரு ஊழியர் மேல் நடக்கிற விசாரணை இருக்கலாம். மத்திய நிதியமைச்சகம் 2025 தொடக்கத்தில், சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றை அலுவலகக் கணினிகளிலும் கருவிகளிலும் பயன்படுத்த வேண்டாம் என்று தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. நாளைக்கு உங்கள் மேல் ஒரு புகார் வந்தால், “கண் தெரியாமல் செய்தேன்” என்று சொல்ல உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது. கண் குறையால் போகாத வேலை, படமெடுத்ததால் சிக்கலுக்குள்ளாகும். அதனால் அலுவலகக் கோப்பைப் பொதுச் செயலிகளில் காட்டுவதையும் நிறுத்துங்கள். அதே வேலையை முறையாகச் செய்ய வழி உண்டு, கீழே சொல்கிறேன்.

எழுத்துக்கு ஏஐ, காலுக்குக் கோல்

ஏஐயை வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். இந்தத் துறையில் நான் பார்த்த மாற்றங்களில் இதுதான் பெரியது. 10 ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் என்ன என்று தெரிந்துகொள்ள வீட்டில் யாராவது வரும்வரை காத்திருந்தவர்கள், இன்று போனை நீட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள். ‘பீ மை ஐஸ்’ என்ற செயலி 2015இல் டென்மார்க்கிலிருந்து வந்தது. வீடியோ அழைப்பில் கண் தெரிந்த தன்னார்வலர் ஒருவர் பார்த்துச் சொல்வார். 2023இல் அதற்குள்ளேயே படத்தைப் பார்த்து விவரிக்கும் ஏஐயும் வந்தது. கேமராவில் தெரிவதை வாசித்துச் சொல்லும் மைக்ரோசாஃப்ட்டின் ‘சீயிங் ஏஐ’ 2017இல் வந்தது. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை ஏற்ற சாகிப் ஷேக் கண் பார்வை இல்லாதவர். அதே வேலைக்குக் கூகுளின் ‘லுக்அவுட்’ இருக்கிறது. ரூபாய் நோட்டை அடையாளம் சொல்ல ரிசர்வ் வங்கி 2020இல் ‘மணி’ என்ற செயலியை வெளியிட்டது. அதற்கு இணையம்கூட வேண்டாம். ஆனால் நோட்டு எத்தனை ரூபாய் என்றுதான் சொல்லும், கள்ளநோட்டா நல்ல நோட்டா என்று சொல்லாது. நான் சொன்ன நான்கும் இலவசம். மிக்ஸியின் கையேடு, மளிகைப் பாக்கெட், பாப்பாவின் பள்ளிச் சுற்றறிக்கை, சேலையின் நிறம், இதற்கெல்லாம் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

எங்கே நம்பக் கூடாது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் பயிற்சி அறையில் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று செய்து காட்டுவோம். பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்றை எடுப்போம். காலாவதித் தேதி அச்சடித்த ஓரம் ஏற்கெனவே வெட்டிப் போயிருக்கும். அதைச் செயலியிடம் காட்டி, “எக்ஸ்பயரி எப்போது?” என்று கேட்போம். சில நேரம் “தேதி தெரியவில்லை” என்று ஒழுங்காகச் சொல்கிறது. சில நேரம் ஒரு மாதத்தையும் ஒரு வருடத்தையும் சொல்கிறது, குரலில் துளி தயக்கம் இல்லாமல். அட்டையில் இல்லாத தேதி அது. கேட்டுக்கொண்டிருப்பவர் அட்டையின் வெட்டுப்பட்ட ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்வார். அதற்கு மேல் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்காது. மருந்து விவரம் படிக்கவும், தெருவைக் கடக்கவும் இதை நம்ப வேண்டாம் என்று ‘பீ மை ஐஸ்’ ஏஐ வசதியை உருவாக்கியவர்களே எச்சரிக்கிறார்கள். மருந்துக்கு மருந்துக்கடைக்காரர், பணத்துக்கு வங்கி ஊழியர், கையெழுத்துப் போடும் பத்திரத்துக்கு நம்பகமான ஒரு மனிதர்.

இனி கண்ணாடி. 2025 மே மாதம் இந்தியாவில் 29,900 ரூபாயிலிருந்து விற்பனைக்கு வந்த ரே-பான் மெட்டா போன்ற ஒன்றைத்தான் உங்கள் கணவர் பார்த்திருப்பார் என்று ஊகிக்கிறேன். அதில் கேமரா, மைக், காதோரம் சிறு ஸ்பீக்கர் இருக்கிறது. செல்போனோடு இணைத்துக்கொண்டு, “எதிரே என்ன இருக்கிறது” என்று கேட்டால் சொல்லும். கை இரண்டும் காலியாக இருப்பது பெரிய சௌகரியம்தான். ஆனால் கேட்டால்தான் சொல்லும். மூடி திறந்த சாக்கடை உங்கள் காலடியில் இருக்கும்போது தானாக எச்சரிக்காது. நீங்கள் கேட்டு, படம் போய், பதில் வருவதற்குள் கால் உள்ளே போயிருக்கும். உங்களுக்கு இப்போதைக்கு நேர்ப்பார்வை இருக்கிறது, படிக்க முடிகிறது. இல்லாதது பக்கப் பார்வை. அந்தக் கண்ணாடி உங்களுக்கு இருப்பதைத்தான் கொடுக்கும், இல்லாததைக் கொடுக்காது. அன்பினால் சேர்த்த பணம் என்பது தெரிகிறது, ஆனாலும் இப்போது வேண்டாம். பின்னால் வாங்குவதாக இருந்தாலும், கடையில் நின்று தமிழில் கேட்டுத் தமிழில் பதில் வருகிறதா என்று நீங்களே சோதித்த பிறகு வாங்குங்கள்.

காலுக்கு வேண்டியது வெள்ளைக் கோல். இதைப் படித்ததும் உங்கள் முகம் எப்படி ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். “அது முழுக் குருடர்களுக்குத்தானே” என்று பத்தில் எட்டுப் பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கோல் வைத்திருக்கிறவர்களில் பலருக்கு ஓரளவு பார்வை உண்டு. உங்கள் நோய் உள்ளவர் கோலைத் தரையில் வலமும் இடமுமாக வீசி நடக்கும்போது, படி, பள்ளம், நடைபாதை விளிம்பு எல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். கீழே பார்த்தபடியே நடக்க வேண்டிய அவசியம் போய்விடுகிறது. இருக்கிற அந்த ஒரு சாண் பார்வையை எதிரே வருபவர் முகத்துக்கும் பஸ் எண்ணுக்கும் வைத்துக்கொள்ளலாம். முதலில் இருட்டிய பிறகும், பேருந்து நிலையத்திலும் மட்டும் பயன்படுத்துங்கள். மடக்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாங்கியதும் நடக்க வந்துவிடாது, பயிற்சி வேண்டும். பூந்தமல்லியில் பார்வைக் குறைபாடு உடையவர்களுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. உங்களுக்குப் பக்கம் என்றால் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் குறைபார்வைப் பிரிவு உண்டு. மதுரை சுந்தரராஜன்பட்டியில் இந்தியப் பார்வையற்றோர் சங்கமும் இருக்கிறது. முதலில் போனில் கேட்டுக்கொண்டு போங்கள்.

சான்றிதழ் பற்றி நீங்கள் கேள்விப்பட்டவை

6/9 தெரிந்தால் சான்றிதழ் கிடையாது என்று யார் சொன்னார்களோ, அவர்களுக்குச் சட்டத்தின் பாதிதான் தெரியும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பார்வைக் குறையை இரண்டு அளவுகோல்களால் அளக்கிறது. ஒன்று எழுத்துப் பலகையில் எத்தனை வரி தெரிகிறது என்பது. இன்னொன்று பார்வைப் பரப்பு. இரண்டில் ஒன்று குறைந்தாலே போதும். பரப்பு 40 பாகைக்குக் கீழே 10 பாகை வரை இருந்தால் குறைபார்வை. 10 பாகைக்கும் கீழே போனால், நேர் எழுத்து எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது பார்வையின்மை. உங்களுக்கு 15 பாகை. மருத்துவக் குழுவுக்குப் போகும்போது எழுத்துப் பலகைச் சீட்டோடு நின்றுவிடாமல், பரப்புப் பரிசோதனைப் படத்தை, அந்தக் கறுப்பும் சாம்பலுமாக வட்டம் போட்டு வரும் தாளை, இரண்டு கண்ணுக்கும் கொண்டுபோங்கள். அது இல்லாமல் போய், “நல்லாத்தானேம்மா படிக்கிறீங்க” என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

விண்ணப்பத்தை, யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் போடலாம். சிரமமாக இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவுவார்கள். பரிசோதனை அரசு மருத்துவமனையில் நடக்கும்.

அடுத்தது வேலை. இதை நிதானமாகப் படியுங்கள், கொழுந்தனாருக்கும் படித்துக் காட்டுங்கள். அதே சட்டத்தின் 20ஆவது பிரிவின் 4ஆவது உட்பிரிவு, பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆகிவிட்ட ஊழியரை எந்த அரசு நிறுவனமும் பணிநீக்கம் செய்யக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது என்கிறது. பார்க்கிற வேலைக்கு அவர் பொருந்தாமல் போனால், அதே சம்பள விகிதத்தோடும் அதே பலன்களோடும் வேறு பதவிக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு பதவி காலியாக இல்லை என்றால், கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ, எது முந்துகிறதோ அதுவரை, கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். இது இன்று நேற்று வந்த பாதுகாப்பும் இல்லை. இதற்கு முன் இருந்த 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 47ஆவது பிரிவிலேயே இருந்தது. பணியில் காலை இழந்த காவலர் குணால் சிங்கின் வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம், இது நிர்வாகம் விரும்பினால் செய்யும் சலுகை இல்லை, செய்தே தீர வேண்டிய கடமை என்று தீர்ப்பளித்தது.

விருப்ப ஓய்வு என்ற பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம். தமிழக அரசுப் பணியில் விருப்ப ஓய்வு பெற 20 ஆண்டு தகுதிப் பணியோ 50 வயதோ ஆகியிருக்க வேண்டும். உங்களுக்கு 11 ஆண்டு, 36 வயது. பீரோவில் இருக்கும் அந்தக் கடிதத்தை நீங்கள் கொடுத்தால், அது ராஜினாமாவாகத்தான் முடியும். சட்டம் உங்களை வெளியே அனுப்பக் கூடாது என்று நிர்வாகத்தின் கையைக் கட்டி வைத்திருக்கிறது. தானாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவரை எந்தச் சட்டமும் பிடித்து நிறுத்தாது.

ஒரு இடத்தில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். சின்ன வயதிலிருந்தே மாலைக்கண் இருந்தது என்பதை வைத்து, “சேரும்போதே மறைத்துவிட்டீர்கள்” என்று யாராவது கிளப்பலாம். பணியில் சேர்ந்தபோது கொடுத்த உடல்தகுதிச் சான்றிதழின் நகல், மூன்று ஆண்டுகளுக்கு முன் நோயைக் கண்டறிந்த முதல் சீட்டு, அதன் பிறகு ஒவ்வொரு முறையும் எடுத்த பரப்புப் படங்கள், எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு கோப்பில் போடுங்கள். பார்வை பணிக்காலத்தில்தான் சுருங்கியது என்பதை அந்தத் தேதிகளே சொல்லும். நான் வழக்கறிஞர் இல்லை. அலுவலகத்துக்கு எழுதுவதற்கு முன் பணி விவகாரம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடமோ, உங்கள் சங்கப் பொறுப்பாளரிடமோ இந்தக் கோப்பைக் காட்டி ஒரு முறை பேசிவிடுங்கள்.

தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 20(4) உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் எந்த நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டாக வேண்டும். மாற்றுத்திறன் காரணமாகப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற 3ஆவது பிரிவும் இருக்கிறது. உங்கள் போராட்டம் இன்னும் கடினமானது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அலுவலகத்தில் என்ன கேட்பது

சான்றிதழ் கையில் வந்ததும் அலுவலகத் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். அழுகையும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். பார்வைப் பரப்பு குறைந்திருக்கிறது, சான்றிதழ் இணைத்திருக்கிறேன், 20ஆவது பிரிவின்படி என் பணியைத் தொடர்ந்து செய்யக் கீழ்க்கண்ட வசதிகள் வேண்டும் என்று எழுதி, வசதிகளைத் தெளிவாகப் பட்டியலிடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பலர் தப்பாகக் கேட்டு ஏமாந்துபோகிறார்கள். “பெரிய மானிட்டர் வேண்டும், எழுத்தைப் பெரிதாக்க வேண்டும்” என்று எழுதுவார்கள். உங்களுக்கு அது உதவாது, தொல்லைதான். ஒரு சாண் ஜன்னலுக்குள் எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு பார்வைக்கு மூன்றெழுத்துதான் அடங்கும், வரி கைவிட்டுப் போகும். உங்களுக்கு வேண்டியது நடுத்தர எழுத்து, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, கண்கூசாத விளக்கு. அதோடு காதால் படிக்கும் பழக்கம்.

அதற்குத் திரைவாசிப்பான் மென்பொருள் இருக்கிறது. என்விடிஏ என்பது பெயர். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற மைக்கேல் கர்ரன் 2006இல் தொடங்க, அவரைப் போலவே பார்வையற்ற நண்பர் ஜேம்ஸ் டேயும் சேர்ந்து உருவாக்கியது. இலவசம், தமிழும் வாசிக்கும். குரல் முதலில் இயந்திரம் போல இருக்கும். இரண்டு வாரத்தில் காது பழகிவிடும்.

இரண்டு இடத்தில் முட்டுவீர்கள். முதலாவது, இ-ஆபீஸ் என்ற மின்கோப்பு முறையில் ஏற்றுகிற பல கோப்புகள் ஸ்கேன் செய்த படங்கள். திரைவாசிப்பானுக்கு அது வெற்றுப் பக்கம். இரண்டாவது, பழைய வரைவுகள் ‘வானவில்’ முதலான பழைய எழுத்துருக்களில் இருக்கும். எல்லாக் கணினியும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும் யூனிகோடை 2010இலேயே தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. அந்தக் கோப்பைத் திறந்து வாசிக்கச் சொன்னால் தமிழ் வராது. கண்ணுக்கு ‘க’ என்று தெரிவது கணினிக்குள் ஏதோ ஆங்கில எழுத்தாகவோ குறியாகவோ இருப்பதால், காதில் பொருளில்லாத சத்தம் விழும். உங்கள் கண்ணிலோ மென்பொருளிலோ கோளாறு இல்லை. இரண்டு சிக்கலுக்கும் ஒரே தீர்வு, படத்தில் உள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றும் ஓசிஆர் மென்பொருள். அது எழுத்தின் உருவத்தைப் பார்த்துப் படிப்பதால், வானவிலோ ஸ்கேனோ அதற்கு எல்லாம் ஒன்றுதான். டெசராக்ட் என்ற இலவச ஓசிஆர் தமிழும் படிக்கும், இணையமே இல்லாமல் அலுவலகக் கணினிக்குள்ளேயே ஓடும். கோப்பு வெளியே எங்கும் போகாது. நான் மேலே சொன்ன முறையான வழி இதுதான். பேசும் ஏஐயைவிட அலுவலகத்துக்கு இதை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓசிஆருக்குப் புரியாத இடத்தில் எழுத்து உளறும், உளறியது காதுக்குத் தெரிந்துவிடும். பேசும் ஏஐயோ கிழிந்த இடத்தையும் பொருத்தமான ஒரு சொல்லைப் போட்டு நிரப்பிவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. எதில் வாசித்தாலும் எண்களை, அதாவது தொகை, தேதி, அரசாணை எண் ஆகியவற்றை, உங்கள் கண்ணால் ஒரு முறை சரிபாருங்கள். 3ஐ 8 என்று படிப்பது எந்தக் கருவிக்கும் சாதாரணம்.

எனவே கடிதத்தில் கேட்க வேண்டியவை: உங்கள் கணினியில் திரைவாசிப்பானும் ஓசிஆரும் நிறுவ அனுமதி, ஹெட்போன், புது வரைவுகளை யூனிகோடில் தரும்படி ஓர் அறிவுறுத்தல், வாசலுக்கு நேர்வழி உள்ள வெளிச்சமான இருக்கை, பயிற்சிக்குச் செல்ல விடுப்பு. இருட்டிய பிறகு வெளிப்பணி தர வேண்டாம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் செலவு வைப்பது ஹெட்போன் ஒன்றுதான். மறுத்தால், ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் 23ஆவது பிரிவின்படி குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், அவரிடம் எழுத்தில் கொடுங்கள். அங்கும் நகரவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர்.

கண் விஷயத்தில் ஒன்றே ஒன்று. ‘முழுக் குணம்’ என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் அந்த 30 ஆயிரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 2017இல் ஒப்புதல் பெற்ற மரபணுச் சிகிச்சை ஒன்று உண்டு, ஆனால் அது ஆர்பிஇ65 என்ற ஒரே மரபணுவில் பழுதுள்ளவர்களுக்கு மட்டும். ஆனாலும் கண் மருத்துவரை ஆண்டுதோறும் பாருங்கள். இந்த நோயோடு சேர்ந்து வரும் கண்புரைக்கும் விழித்திரை நடுவில் வரும் வீக்கத்துக்கும் சிகிச்சை இருக்கிறது, அவற்றைக் கவனித்தால் இருக்கிற நேர்ப்பார்வை இன்னும் பல காலம் நிற்கும். உங்கள் பெற்றோர் அத்தை மகன், மாமன் மகள் என்று எழுதியிருக்கிறீர்கள். மகளையும் உடன்பிறந்தவர்களையும் ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள், பயத்துக்காக இல்லை, தெரிந்துகொள்வதற்காக.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டாம். உங்கள் கணவர் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டி அவர் கண்ணில் வைத்து, அடுப்படிவரை நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள். வாசல்படியில் இடித்துக்கொண்டு திரும்பி வந்த மாமியார்கள் அதற்குப் பிறகு கேள்வி கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. மகளுக்கு 9 வயது. அவளுக்கும் அந்தக் குழலைக் கொடுங்கள்.

பரப்புப் பரிசோதனை எடுத்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால் புதிதாக எடுத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். மருத்துவக் குழுவுக்கு எந்தத் தேதி கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். கோல் பயிற்சிக்கு உங்கள் ஊருக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து வைக்கிறேன்.